பாதி வழியில் ஒரு சக்கரம்

பச்சைத் துணி மூட்டை ஒன்றின்மேல் அரை வட்டமாகக் கறுப்புத் தீற்றல் இருந்தது. ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கின் மேற்பார்வையாளர் அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ‘டயர் கறை, மூட்டை ஒன்று’ என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பெரியவருக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. பத்தொன்பது வருஷமாக அந்தப் புத்தகத்தில் அவருடைய லாண்டரியின் பேருக்கு எதிரே குறை என்று எதுவும் ஏறியதில்லை. அன்று சாயங்காலம் வண்டி முற்றத்தில் வந்து நின்றதும் பின்கதவைத் திறந்தார். உள்ளே வலப்பக்கத் தகரத்தில், வண்டி வாங்கிய நாளிலிருந்து கீழே இறங்காத ஸ்டெப்னி கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேனரை எடுத்து மறையைத் திருகத் தொடங்கினார். அறுபத்தொன்பது வயது. கொதிகலன் அறையிலிருந்த மகன் வேர்வையைத் துடைத்தபடி ஓடி வந்து சக்கரத்தின் மறுபக்கத்தைப் பிடித்தான்.

"ஒரு உறை போட்டு மூடிட்டா போதுமேப்பா. எதுக்குக் கழட்டுறீங்க?"

"உறை எதுக்கு? ஒளிச்சு வைக்கவா? நம்ம வண்டியில துணி போகும். வேற ஒண்ணும் போகாது."

"அடியில மாட்டலாம்னா அங்க வண்டியோட காஸ் சிலிண்டர் உக்காந்திருக்கு. வழியில பஞ்சரானா என்ன பண்றது?"

"ஆகாத மாதிரி ஓட்டணும்."

வண்டியை ஓட்டுகிறவள் மருமகள். அவள் குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கொண்டிருந்தாள். மாமனார் சொன்னதைக் கேட்டுத் தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

"சரி மாமா. ஆணிக்கெல்லாம் சொல்லி வச்சிடறேன்" என்றாள்.

துணி மடிக்கிற மேஜையில் இருந்த நாலு பெண்களும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பெரியவருக்கு அவர்கள் வைத்திருந்த பேர் ‘கஞ்சி’. வெள்ளைச் சட்டை, அதற்குள் அதைவிட விறைப்பான முதுகு. உட்காரும்போதுகூட நாற்காலியின் சாய்மானத்துக்கும் அவர் முதுகுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருக்கும். அந்தப் பேர் தனக்கு இருப்பது அவருக்குத் தெரியும். மரியாதைக் குறைவாக அவர் அதை எடுத்துக்கொண்டதில்லை.

அந்த லாண்டரிக்கு வருவது அறுவை அரங்குத் துணிகள் மட்டும். வந்ததும் பச்சைத் தண்ணீரில் ஊற வேண்டும். சுடுதண்ணீர் முதலில் பட்டால் ரத்தம் நூலோடு நூலாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு கொதிநீர், மருந்து, மூன்று அலசல். காய்ந்ததும் வெளிச்சம் வைத்த கண்ணாடி மேஜையில் ஒவ்வொன்றாக விரித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தத் துணி கழிவு. தேறியதை, பிரிக்கிற நர்ஸின் விரல் உள்பக்கத்தில் படாதபடி மடித்து, இரட்டை உறை கட்டி, காலை ஐந்தரைக்கு ஏற்றுவார்கள். முப்பத்தாறு கிலோமீட்டர். ஏழு மணிக்குள் கிடங்கில் இறக்கினால்தான் கிருமி கொல்லும் ஆவிப்பெட்டியில் ஏற்றி எடுத்து, பத்து மணிக்கு மேஜையில் படுக்கிறவருக்குத் தயாராகும். ஏழு தாண்டினால் அன்றைய முதல் ஆளைத் திருப்பி வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்து, பயந்து, மனசைத் தேற்றிக்கொண்டு வந்த ஆள். அப்படி ஒருவர்கூட இந்த வீட்டுத் துணிக்காகத் திரும்பிப் போனதில்லை. அந்த வீட்டின் சொத்து என்று பெரியவர் நினைத்தது அதைத்தான்.

அதனால் வாய்க்கு ‘ஆகாத மாதிரி ஓட்டணும்’ என்று சொன்னாலும், அதிர்ஷ்டத்தை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை அவர். நாலு டயரும் புதிதாக மாறின. தினமும் காலையில் சாவி போடுவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போதே, சிமெண்ட் தரையில் ஒரு சாக்கைப் போட்டு முட்டி போட்டு, கேஜ் வைத்து நாலு சக்கரத்திலும் காற்றுப் பார்த்தார். முப்பத்தாறு பவுண்டு. குறைந்தால் ஏற்றினார். டயர் வரிகளில் சிக்கியிருந்த சின்னக் கற்களைத் திருப்புளி முனையால் நெம்பி எடுத்து ஒரு டப்பாவில் போட்டார். சாலையில் எந்த இடத்தில் கட்டட வேலை நடக்கிறது, எங்கே ஆணியும் கம்பித் துண்டும் கிடக்கும் என்று மருமகளிடம் கேட்டுக்கொண்டு, அங்கெல்லாம் எந்த ஓரமாகப் போக வேண்டும் என்று சொன்னார். சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையில் சொருகி ஓடுகிற சின்னக் காற்றுப் பம்பும், ஓட்டையை அடைக்கிற ரப்பர் திரியும், துளையை ராவுகிற அரமும், திரி ஏற்றுகிற ஊசியும் ஒரு வெள்ளைப் பையில் தைத்த அறைகளில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் போயின.

அப்புறம் ஒத்திகை. பழைய டயர் ஒன்றை முற்றத்தில் நிறுத்தி, சுத்தியலால் தானே ஒரு ஆணியை அடித்தார். மருமகள் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆணியைப் பிடுங்கி, அரத்தை விட்டுத் துளையை ராவி, பிசின் தடவின திரியை ஊசியில் கோத்து உள்ளே அழுத்தி, ஒரே வெட்டாக ஊசியை வெளியே இழுத்தாள். திரி உள்ளே நின்றது.

"எவ்வளவு?" என்றாள் மூச்சு வாங்க.

"இருபத்தோரு நிமிஷம்" என்றார் கடிகாரத்தைப் பார்த்து. "அதுக்குள்ள ஒரு ஆளுக்குக் குடல்வாலையே எடுத்துடலாம்."

"அவருக்கு மயக்க மருந்து குடுத்திருப்பாங்க மாமா. இந்த டயர் முறைக்குது."

நாலாம் நாள் பதினொரு நிமிஷத்துக்கு வந்தாள். மகன் கொதிகலன் கதவிலிருந்து எட்டிப் பார்த்து, "உனக்கு அரங்குக்குள்ளேயே வேலை போட்டுக் குடுத்துடுவாங்க போலிருக்கே" என்றான். பெரியவர் சிரிக்கவில்லை. ஆனால் கடிகாரத்தை இரண்டாவது தடவை பார்த்து, "பதினொண்ணு" என்று மெதுவாகச் சொன்னார். அவரிடமிருந்து அது பாராட்டு.

அவள் கைகளைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

"இது மேல்பக்கம் குத்தினாதான் மாமா. சைடு கிழிஞ்சா?"

"சைடு எதுக்குக் கிழியுது?"

"கம்பி கீறினா கிழியும். குழி விளிம்புல அடிச்சா கிழியும். அதுக்குத் திரி நிக்காது. பஞ்சர் கடைக்காரரே கை விரிச்சிடுவார். வேற சக்கரம் மாட்டினாதான் வண்டி நகரும்."

"வழியில கடை இருக்கில்ல?"

"ஏழு கடை இருக்கு. எல்லாத்துலயும் கேட்டேன். எட்டு மணிக்கு முன்னால ஒருத்தரும் ஷட்டரைத் தூக்க மாட்டாங்க."

"நம்ம ஸ்டெப்னியை இங்கேருந்து இவன் எடுத்துட்டு வரட்டும்."

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல நின்னுட்டேன்னா இவர் வந்து சேர ஒரு மணி நேரம். அப்புறம் மாட்டணும்."

மருமகள் துணிச் சீட்டு ஒன்றைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் ஒரு கோடு இழுத்தாள். ஒரு நுனியில் வீடு, மறு நுனியில் ஆஸ்பத்திரி. நடுவில் ஒரு புள்ளி வைத்தாள்.

"பாதி வழியில சக்கரம் இருந்தா, எங்க நின்னாலும் அரை மணிக்குள்ள கைக்கு வந்துடும். பதினெட்டாவது கிலோமீட்டர். ரோட்டு மேலேயே வாசல்."

"அங்க யாரு இருக்கா?" என்றார். தெரியாமல் கேட்கவில்லை.

"அத்தை வீடு" என்றாள் அவள்.

பெரியவர் சீட்டை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தங்கையோடு பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. நிறுத்தியது தங்கை. நிறுத்த வைத்தது அவர். அவர்களுடைய அம்மா கடைசி இரண்டு வருஷம் படுத்த படுக்கையாகத் தங்கை வீட்டில்தான் இருந்தாள். ஒருநாள் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பார்க்க வந்திருந்தார்கள்; அறை நிறைய ஆட்கள். அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்த பெரியவர், தன்னை அறியாமல் விரிப்பின் நுனியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். நாற்பது வருஷத்துக் கைப்பழக்கம். அறை முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கை கையில் தண்ணீர்த் தம்ளரோடு வாசற்படியில் நின்று பார்த்தாள்.

அதோடு விட்டிருந்தால்கூட ஆறியிருக்கும். இரண்டு நாள் கழித்து லாண்டரியிலிருந்து பன்னிரண்டு விரிப்புகளைச் சலவை செய்து, மடித்து, மூலையில் லாண்டரி முத்திரை தெரிய அனுப்பி வைத்தார். உதவி செய்கிறோம் என்று நிஜமாகவே நினைத்தார். மூட்டை கட்டுப் பிரிக்காமல் திரும்பி வந்தது. ‘ராத்திரி மூணு தடவை விரிப்பு மாத்தறது யார்னு உங்க அண்ணன்கிட்டக் கேட்டுட்டு வாங்க’ என்று கொண்டுபோனவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். நாலு மாசத்தில் அம்மா போனாள். அண்ணனும் தங்கையும் எதிர் எதிரே நின்றார்கள். பேசவில்லை.

சைடு கிழிகிற பேச்சு மறுபடி எழவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு காலை, இறக்கிவிட்டுத் திரும்பி வந்த மருமகள் ஓர் ஆணியை மடிக்கிற மேஜைமேல் வைத்தாள். போகிற வழியில் ஏறியிருக்கிறது. பம்பும் திரியுமாகப் பன்னிரண்டு நிமிஷம். கிடங்குக் கடிகாரத்தில் ஏழுக்கு ஒன்பது நிமிஷம் இருக்கும்போது இறக்கிவிட்டாள்.

பெரியவரின் முகம் மலர்ந்தது. "பாத்தியா?" என்றார் மகனிடம். "முன்கூட்டியே தயாரா இருந்தா எவன் என்ன பண்ண முடியும்? நம்ம வீட்டு ஆளு எவனும் ரோட்டுல கை காட்டி நின்னதில்ல. நிக்கவும் வேண்டியதில்ல."

"வெளியில வந்து டயரைப் பாருங்க மாமா" என்றாள் மருமகள்.

பார்த்தார். அடைத்த திரி டயரின் தோள்பட்டையில் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு விரற்கடை தள்ளினால் பக்கவாட்டு. அவள் அந்த இரண்டு விரலை மட்டும் வைத்துக் காட்டிவிட்டு, டிரம்மில் துணி இறக்கப் போய்விட்டாள்.

பெரியவர் சாக்கை இழுத்துப் போட்டு முட்டி போட்டு, தன் விரலையும் அங்கே வைத்துப் பார்த்தார். அந்த இரண்டு விரல் இடைவெளியில் பத்தொன்பது வருஷமும் நின்றிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம், பேர்கூடத் தெரியாத ஓர் ஆள், வயிறு காலியாக, வண்டிப் படுக்கையில் திரும்பிப் போவது தெரிந்தது.

மத்தியானம் சொன்னார்: "அந்தச் சக்கரத்தை வெளியே எடு."

"நான் போய்க் கேட்டுட்டு வந்துடறேன் மாமா. என்கூட அவங்க பேசுவாங்க."

"தெரியும், நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசிக்கறது. எனக்கு என்ன காது கேக்காதா?" என்றார். "நீ போனா, தான் ஒளிஞ்சுக்கிட்டு மருமகளை முன்னால தள்ளினான்னு ஆகும். கேக்க வேண்டியது நான். நான்தான் போகணும்."

அன்று சாயங்காலமே புறப்பட்டார். சக்கரத்தைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, ஒரு வெள்ளை விரிப்பில் சுற்றி நாலு மூலையையும் முடிந்தார். பச்சைத் துணி இல்லாத காலி வண்டியில் அது தனியாகப் போயிற்று. மருமகள் ஓட்டினாள். பதினெட்டு கிலோமீட்டரும் பெரியவர் இருக்கையில் சாயவில்லை.

தங்கையின் கணவர் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். கீழே கடை, பின்னால் வீடு. மரத்தூள் வாசனையும் வஜ்ஜிரப் பசை வாசனையுமாக, வெறும் சட்டங்கள் சுவர் முழுதும் தொங்கும். ரம்பத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தவர் ஒரு கணம் திகைத்து, பிறகு வாய் நிறையச் சிரித்தார்.

"அடேயப்பா, மச்சானா! என்ன இது, கையில குழந்தையைச் சுத்தி எடுத்துட்டு வந்த மாதிரி?"

"ஸ்டெப்னி, மாப்பிள்ளை."

"ஆறு வருஷம் கழிச்சு வர்றவர் கையில ஸ்டெப்னியா! நல்லவேளை, நான் பழம்னு நினைச்சுக் கை நீட்டல." உள்பக்கம் திரும்பினார். "இங்க வா, உங்க அண்ணன் வந்திருக்கார். சக்கரத்தோட வந்திருக்கார்."

தங்கை வந்தாள். கண்ணில் பட்டது முதலில் அண்ணன் இல்லை. மூலையில் முத்திரை தெரிந்த வெள்ளை விரிப்பு. மருமகள் ‘போச்சு’ என்று உதட்டைக் கடித்தாள். பெரியவருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டுக்கு எதைச் சுற்றி எடுத்து வந்திருக்கக்கூடாதோ அதையே சுற்றி எடுத்து வந்திருக்கிறார்.

தங்கை நிதானமாக முடிச்சுகளை அவிழ்த்தாள். விரிப்பை உருவி, அண்ணன் அன்று செய்தது போலவே நுனியைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். டயர் பட்ட இடத்தில் கறுப்பாக வட்டம்.

"கறை" என்றாள்.

தங்கையின் கணவர் இருமினார்.

"என்ன வேணும்?" என்றாள் தங்கை.

"இந்தச் சக்கரம் இங்க இருக்கணும். வழியில வண்டி நின்னா இவ வந்து எடுத்துக்குவா, இல்ல மாப்பிள்ளை அனுப்பி வைப்பார். ஆஸ்பத்திரிக்குத் துணி ஏழு மணிக்குள்ள போகணும்."

"ஆஸ்பத்திரிக்காக வந்தியா? என்னைப் பாக்க வந்தியா?"

பொய் சொல்வதற்கு அது நல்ல சந்தர்ப்பம். மருமகள்கூட அவர் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தாள். பெரியவருக்கு அது வாயில் வரவில்லை.

"சக்கரத்துக்காக வந்தேன்" என்றார். பிறகு, "வேற எதுக்கும் வர்றதுக்கு எனக்கு முகம் இல்ல" என்றார்.

தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஏன் அப்படிப் பண்ணினே?"

"கை பழகிப்போச்சு. யார் வீட்டுக்குப் போனாலும் துணியைப் பாப்பேன். அம்மா முகத்தைப் பாக்காம விரிப்பைப் பாத்தேன் பாரு, அது தப்பு. நீ பாத்துக்கிட்ட மாதிரி என்னால பாத்துக்கிட்டிருக்க முடியாது. இதை அன்னிக்கே சொல்லியிருக்கணும். அதுக்குப் பதிலா பன்னெண்டு விரிப்பு அனுப்பினேன்."

இதைச் சொல்லும்போதும் முதுகு வளையவில்லை. மன்னிப்புக் கேட்கிறவர் போலவே இல்லை. தப்பாகப் போட்ட கணக்கைப் பெஞ்சுமேல் ஏறி ஒப்பிக்கிற மாணவன் போல, கைகளைத் தொடையோடு ஒட்டி நின்று சொன்னார். தங்கைக்கு அந்த நிலையைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது போலிருந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அந்த மூலையில வை. சட்டத்து மேல படாம வை. ஒண்ணு சொல்லிடறேன். இடம் தருவோம். காத்துக் கீத்து நாங்க பாக்க மாட்டோம். சும்மா கிடக்கிற சக்கரத்துல காத்து இறங்குமா இறங்காதா?"

"இறங்கும். மாசத்துக்குக் கொஞ்சம்..."

"இறங்கும் இல்ல? அவசரத்துக்கு எடுத்தா சப்பிக் கிடக்கும். வாரா வாரம் நீ வந்து பாத்துட்டுப் போ. இவளை அனுப்பாதே. பொறுப்பு உன்னுது."

"வாரா வாரம் தேவையில்ல. மாசத்துக்கு ஒரு..."

"வாரா வாரம்" என்றாள் தங்கை.

சனிக்கிழமை மத்தியானம் என்று முடிவாயிற்று. பெரியவர் பஸ் ஏறிப் போவார். கேஜை வால்வில் வைப்பார். முப்பத்தாறு. மூடியைத் திருகுவார். அதோடு வேலை முடிந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகாது. மாப்பிள்ளை ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார். "காத்து எப்படி மச்சான், சௌக்கியமா?" என்பார். தங்கை சோறு போடுவாள். பேச்சு அதிகம் இருக்காது. மூன்றாவது வாரம், கறிக்கு உப்பு எப்படி என்று கேட்டாள். ஐந்தாவது வாரம், அம்மாவின் மூக்குக் கண்ணாடியை எடுத்துக் காட்டினாள். ஏழாவது வாரம், "அண்ணா, இந்தச் சட்டையை எத்தனை வருஷமா போடறே?" என்றாள். ‘அண்ணா’ என்ற சொல்லை வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டார்.

ஒன்பதாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில் மழை பிடித்திருந்தது. ஐந்து ஐம்பதுக்குப் பெரியவரின் போன் அடித்தது.

"மாமா, சைடு கிழிஞ்சுடுச்சு. வலது முன்சக்கரம். பாலம் இறங்கினதும் நடுத்தடுப்பு உடைஞ்சு கம்பி நீட்டிக்கிட்டிருந்திருக்கு, தண்ணியில தெரியல."

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் இல்ல. பிரேக்கை அழுத்தாம அப்படியே ஓரமா உருட்டி நிறுத்திட்டேன். பதினாலாவது கிலோமீட்டர். சித்தப்பா போன்..." அவள் தங்கை கணவரை அப்படித்தான் கூப்பிடுவாள். "நாலு தடவை அடிச்சிட்டேன். எடுக்கல. அத்தை நம்பர் இந்தப் புதுப் போன்ல இல்ல."

"நீ ஜாக்கியைப் போட்டுச் சக்கரத்தைக் கழட்டு. நான் பாத்துக்கறேன்."

தங்கை நம்பர் அவருக்கு மனப்பாடம். ஆறு வருஷமாக அழுத்தாத நம்பர். கட்டைவிரல் ஒரு கணம் நின்றது. சனிக்கிழமை போவது வேறு. அதற்குச் சக்கரம் காரணம், கேஜ் காரணம். விடிகாலையில் ஒருத்தியைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்பதற்கு எதையும் கேடயமாகப் பிடிக்க முடியாது. அழுத்தினார். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லு."

"எனக்கு ஒரு உதவி வேணும்மா" என்றார்.

அந்தச் சொற்கள் அவர் வாயிலிருந்து வந்து, பக்கத்தில் நின்ற மகன் கேட்டது அதுதான் முதல் தடவை. கொதிகலன் ஊதியதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"எங்க நிக்குது?"

"பாலம் இறங்கினதும். மருமக தனியா நிக்கிறா. மழை. உங்ககிட்ட வண்டியும் இல்ல, எப்படின்னு..."

"பேசிக்கிட்டே இருக்காதே. வை போனை."

அதன்பிறகு அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பதினாலு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம், மடித்த துணிகளுக்கு நடுவே நின்றார். பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சத்தமில்லாமல் மேஜைக்குப் போனார்கள். ஆறே கால். ஆறரை. மகன் டீ கொண்டுவந்து வைத்தான். ஆடை கட்டியது. ஆறே முக்கால். ஆறு ஐம்பத்தாறுக்குப் போன் அடித்தது.

"இறக்கியாச்சு மாமா."

"எத்தனை மணிக்கு?"

"நாலு நிமிஷம் பாக்கி. கிடங்குக் கண்ணாடியம்மா கையெழுத்துப் போட்டாங்க. என் முட்டி வரைக்கும் சேறு. என்னைப் பாத்தாங்க, துணியைப் பாத்தாங்க. ‘துணி சுத்தம்’னு சொன்னாங்க."

பெரியவர் கண்களை மூடித் திறந்தார். "எப்படி வந்துது சக்கரம்?"

மருமகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ரொட்டி வண்டியில மாமா! அத்தை நடு ரோட்டுல நின்னுட்டாங்களாம். ஒரு கையில குடை, ஒரு கையில சக்கரத்தை நிறுத்திப் பிடிச்சுக்கிட்டு. வந்த முதல் வண்டி ரொட்டி வண்டி. அவன் பிரேக் போட்டுத்தானே ஆகணும்? சித்தப்பாவை எழுப்பி, சக்கரத்தை ரொட்டிக் கூடைக்கு நடுவுல ஏத்தி, அவங்களும் ஏறி வந்துட்டாங்க. நான் மாட்டி முடிக்கிற வரைக்கும் எனக்குக் குடை பிடிச்சாங்க. எட்டரை நிமிஷம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

"என்ன?"

"‘நம்ம வீட்டு ஆளு எவனும் ரோட்டுல கை காட்டி நின்னதில்லன்னு உங்க மாமா பெருமையடிப்பாரே, இன்னிக்கு நான் நின்னேன்னு சொல்லு’ன்னாங்க."

பெரியவர் போனை மேஜைமேல் வைத்தார். ஆடை கட்டிய டீயை எடுத்து, நின்றபடியே முழுதும் குடித்தார். பிறகு மடிக்கிற பெண்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? அடுத்த சுமை ஏற வேண்டாமா?" என்றார். குரல் வழக்கம்போல இருந்தது. கண் மட்டும் கொஞ்சம் வழக்கத்துக்கு மாறாக இருந்தது என்று பின்னால் அந்தப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

கிழிந்த டயருக்குப் பதில் புது டயர் வர வேண்டும். அளவு சரியாகக் கிடைக்கவில்லை; திங்கட்கிழமைதான் வரும் என்று டயர் கடைக்காரர் சொல்லிவிட்டார். அதுவரை வண்டி ஓட நாலு சக்கரம் இருந்தது. பாதி வழியில் வைக்க ஒன்றும் இல்லை. ஐந்து நாளும் மருமகள் அரை மணி முன்னதாகவே புறப்பட்டாள்.

சனிக்கிழமை வந்தது. மத்தியானம் பெரியவர் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பையில் கேஜ் துருத்திக்கொண்டிருந்தது.

"இந்த வாரம் எதுக்கு மாமா அலையறீங்க?" என்றாள் மருமகள். "அங்கதான் சக்கரமே இல்லையே."

"தெரியும்" என்றார். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

சட்டக் கடையில் மாப்பிள்ளை ஒரு கண்ணாடியை அறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, காலியாக இருந்த மூலையைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். பையில் துருத்திய கேஜைப் பார்த்தார். வாயைத் திறந்தவர், உள்ளேயிருந்து மனைவி வருவதைக் கண்டு மூடிக்கொண்டார்.

"என்ன வந்திருக்கே?" என்றாள் தங்கை. "சக்கரம் உன் வண்டியில இல்ல ஓடிக்கிட்டிருக்கு?"

பெரியவர் வாசலில் நின்றார். பஸ்ஸில் பதினெட்டு கிலோமீட்டரும் இதற்கு ஒரு பதில் யோசித்துக்கொண்டேதான் வந்தார். எதுவும் அமையவில்லை.

"உங்க வீட்டு வண்டிக்குக் காத்துப் பாக்கலாம்னு வந்தேன்."

"எங்க வீட்டுல வண்டியே இல்லையே மச்சான்" என்றார் மாப்பிள்ளை, அடக்க முடியாமல்.

"இல்லைன்னு தெரியும்" என்றார் பெரியவர்.

தங்கை நாற்காலியில் கிடந்த மரத்தூளை முந்தானையால் தட்டிவிட்டாள்.

"உக்காரு. சாஞ்சு உக்காரு" என்றாள். "சோறு வடிக்க இன்னும் அரை மணி ஆகும்."

பெரியவர் உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாக, அந்த ஒரு சாண் இடத்தைக் கடந்து, முதுகைச் சாய்மானத்தில் வைத்தார்.